மிஸ்ர் நாட்டுக்குக் குடும்பத்தோடு போகலாமா?



அரையாண்டு விடுமுறைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே நம்மிடம் வந்து சேர்ந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. "உம்ராவை முடித்துக்கொண்டு எகிப்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரு குழுவினர் அழைக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா? பயம் ஒன்றும் இல்லையே?" கேட்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவராக இருப்பார். கேள்வி அவருடையதாக இராது. வீட்டில் அவருடைய தாயாரோ மனைவியாரோ தொலைக்காட்சியில் பார்த்த புகையையும் இடிபாட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னதாக இருக்கும்.

இக்கேள்விக்கு நம் சமுதாயத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "விதித்தது எங்கிருந்தாலும் வரும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான், போய் வாருங்கள்" என்பது ஒன்று. "அந்தப் பக்கமெல்லாம் குண்டு வெடிக்கிற பக்கம், துபாயோடு திரும்பி வந்துவிடுங்கள்" என்பது மற்றொன்று. முதலாவதில் ஈமானின் மணமும் இரண்டாவதில் அக்கறையின் மணமும் வீசுகின்றன. ஆயினும் இரண்டுமே கேட்டவருக்குப் பயன்படாத பதில்கள். எந்த ஊர், எந்த மாதம், யாரை அழைத்துக்கொண்டு, எந்த வழியாக என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் சொல்லப்படும் பதில் எதுவாயினும் அது சொல்பவரின் மனநிலையைத்தான் காட்டுமே தவிர நாட்டின் நிலையைக் காட்டாது.

ஆலோசனை கேட்கப்பட்டவர் ஓர் அமானிதத்தைச் சுமப்பவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஒரு கடையையோ மருத்துவரையோ பரிந்துரைத்தால்கூட அது பொருந்தும். பதினைந்து இலட்சம் பேர் வாழும் நகரில் ஒரு உணவகத்தைச் சொல்லிவிட்டு மறந்துவிடலாம். கைக்குழந்தையோடும் சர்க்கரை நோயுள்ள தாயாரோடும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து போகிறவருக்கு "போங்கள்" என்று சொல்லிவிட்டு அப்படி மறக்க இயலாது. ஆகவே நம் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்கான காரணங்களைப் பிறகு சொல்கிறோம். எகிப்தை நாம் பரிந்துரைக்கிறோம். அந்நாடு முழுவதையும் அல்ல, எல்லா மாதங்களிலும் அல்ல, கேட்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அல்ல.

அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1997 நவம்பர் 17 அன்று லக்ஸர் நகரின் மேற்குக் கரையில், ஹத்ஷெப்ஸுத் அரசியின் கோயிலைக் காண வந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மாண்டோர் 62 பேர். 2005 ஜூலையில் ஷர்முஷ் ஷெய்க் கடற்கரை நகரில் குண்டுகள் வெடித்தன. 2015 அக்டோபர் 31 அன்று அதே நகரிலிருந்து புறப்பட்ட ரஷ்யப் பயணிகள் விமானம் சினாய் பாலைக்கு மேலே சிதறி 224 பேர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் கீஸாவில் பிரமிடுகளுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு சுற்றுலாப் பேருந்தைக் குறிவைத்துக் குண்டு வெடித்ததில் வியட்நாம் பயணிகள் மூவரும் அவர்களுடைய எகிப்திய வழிகாட்டியும் உயிரிழந்தார்கள். இவை எல்லாவற்றிலும் கொடியது சுற்றுலாப் பயணிகள்மீது நிகழ்ந்ததன்று. 2017 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. வட சினாயில் பிர் அல்அப்து என்னும் ஊரையடுத்த ரவ்ளா பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். "முஸ்லிம் நாடுதானே, நமக்கு என்ன பயம்?" என்று கேட்கும் சகோதரர்கள் இந்த ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இந்தப் பட்டியலை ஒரு முறை வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எகிப்து பத்து இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. நம் தமிழ்நாட்டைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த வன்முறையின் பெரும்பகுதி சினாய் தீபகற்பத்தின் வடபகுதியில், காஸாவையும் இஸ்ரேலையும் ஒட்டிய மாவட்டத்தில் நிகழ்ந்தது. கெய்ரோவும் அலெக்ஸாந்திரியாவும் லக்ஸரும் அஸ்வானும் சூயஸ் கால்வாய்க்கு இப்புறம், நைல் நதியோடு கிடக்கின்றன. மணிப்பூரில் நடப்பதைச் செய்தியில் கண்டு கன்னியாகுமரிக்கு வர அஞ்சும் ஒரு வெளிநாட்டவரைக் கண்டால் நாம் சிரிப்போம். அதே தவற்றை நாம் மற்றொரு நாட்டுக்குச் செய்யலாகாது. ஒரு நாள் நிகழ்ந்த கொடுமைக்காக ஒரு நாடே அஞ்சத்தக்கதாகப் பார்க்கப்படுவதன் வலி என்னவென்று 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய மாதங்களில் இலங்கையில் வாழ்ந்த நம் உறவுகள் அறிவார்கள்.

மேலை நாட்டு அரசுகள் தம் குடிமக்களுக்கு வெளியிடும் பயண எச்சரிக்கைகளை நம்மில் சிலர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். முஸ்லிம் நாடுகள் என்றாலே மிகைப்படுத்துவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அந்த ஐயத்துக்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். எனினும் பிரித்தானிய வெளியுறவு அமைச்சகம் எகிப்தைப் பற்றி வெளியிட்டுவரும் வரைபடம் பயனுள்ளது. நாட்டை ஒட்டுமொத்தமாக ஒதுக்காமல், வட சினாய்க்கு எக்காரணம் கொண்டும் போக வேண்டாம், லிபிய எல்லையை நெருங்க வேண்டாம், மேற்குப் பாலைவனத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள் என்று பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்கிறது. மேற்குப் பாலைவனத்தைப் பற்றிய எச்சரிக்கையை அலட்சியப்படுத்தக் கூடாது. 2015 செப்டம்பரில் அங்கே சென்ற மெக்ஸிகோ நாட்டுப் பயணிகளின் வண்டிகளைத் தீவிரவாதிகளுடையவை என்று கருதி எகிப்தியப் பாதுகாப்புப் படையினரே தாக்கிவிட்டார்கள். எட்டு மெக்ஸிகோ நாட்டவர் உள்பட 12 பேர் இறந்தார்கள். தடுக்கப்பட்ட பகுதியில் பயணி என்றும் பகைவன் என்றும் வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. "வெள்ளைப் பாலைவனத்தில் ஒரு நாள் கூடாரம்" என்று குழு அமைப்பாளர் ஆசை காட்டினால், அந்தப் பகுதிக்குரிய அனுமதிச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். காட்ட இயலாதவரோடு போகாதீர்கள்.

இனி, அச்சப்பட வேண்டியவற்றை அச்சப்படாமலும் வேண்டாதவற்றுக்கு அஞ்சியும் நாம் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். குண்டு வெடிப்பைப் பற்றிக் கேட்கும் குடும்பங்களில் ஒன்றேனும், "லக்ஸரில் வெப்பக்காற்று பலூனில் ஏறலாமா?" என்று நம்மைக் கேட்டதில்லை. 2013 பிப்ரவரி 26 அன்று அதே லக்ஸரில் ஒரு பலூன் தீப்பற்றி விழுந்தது. அதில் இருந்த 21 பேரில் 19 பேர் மாண்டார்கள். 2024 நவம்பரில் மர்ஸா அலம் அருகே செங்கடலில் 'ஸீ ஸ்டோரி' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 2025 மார்ச்சில் குர்தகா கடலில், மீன்களையும் பவளத்தையும் சன்னல் வழியே காட்டும் நீர்மூழ்கிப் படகு ஒன்று மூழ்கி ரஷ்யப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். பலூனும் படகும் நீர்மூழ்கியும் பிள்ளைகளைக் கவர்வன. விளம்பரப் படத்தில் முதலில் இடம்பெறுவனவும் அவையே. பிள்ளைகள் அழுதாலும் பலூன் வேண்டாம் என்றே நாம் சொல்வோம். நைலில் பகல் நேரத்தில் பாய்மரப் படகில் ஒரு மணி நேரம் போய் வருவதற்குத் தடை சொல்ல மாட்டோம். உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது, அதில் சிறுவர் அளவு உண்டா என்று ஏறுமுன் எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றினும் எளிய ஆபத்து சாலைதான். கெய்ரோவிலிருந்து லக்ஸர் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். செலவைக் குறைப்பதற்காக இரவுப் பேருந்தில் கொண்டுபோகும் குழுக்கள் இருக்கின்றன. ஓர் இரவு விடுதி வாடகை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பகலெல்லாம் வண்டி ஓட்டிய அதே ஓட்டுநர் இரவிலும் ஓட்டுகிறாரா என்று எவரும் கேட்பதில்லை. இரயிலோ உள்நாட்டு விமானமோ இருக்கையில் இந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

வெயிலைப் பற்றி நம்மவர்களிடம் சொன்னால், "வேலூரில் பார்க்காத வெயிலா?" என்று கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில் லக்ஸரும் அஸ்வானும் 40 பாகையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அரசர்களின் பள்ளத்தாக்கில் நிழல் என்பது கல்லறைக்குள் மட்டுமே உண்டு. வேலூரில் அந்த வெயிலில் நாம் வீட்டுக்குள் இருக்கிறோம். அங்கே காலை எட்டு மணி தொடங்கி நடக்கிறோம். ஆகவே கோடை விடுமுறையில் எகிப்துக்குப் போக நாம் பரிந்துரைக்கவில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலம் நன்று. அரையாண்டு விடுமுறை அதற்குள் வந்துவிடுவது நம் நல்வாய்ப்பு. அப்போது கூட்டமும் கட்டணமும் சற்று மிகுதிதான். டிசம்பர் இரவுகளில் குளிர் உறைக்கும் என்பதால் முதியோருக்குக் கம்பளிச் சட்டை அவசியம்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு செய்தி. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நம் ஊர் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவற்றில் டிரமடால் என்னும் மருந்து கலந்திருக்கிறது. எகிப்தில் அது கடுமையாகத் தடுக்கப்பட்ட பொருள். 2017-இல் பிரித்தானியப் பெண்மணி ஒருவர் ஏறத்தாழ 300 டிரமடால் மாத்திரைகளோடு விமான நிலையத்தில் பிடிபட்டார். துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுவந்தேன் என்று சொன்னார். மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். நம் தாய்மார்கள் பிரயாணம் என்றால் மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரு பழைய டப்பாவில் கொட்டிக்கொண்டு புறப்படுவது வழக்கம். அந்த டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாத்திரையின் உட்பொருளையும் மருத்துவரிடம் கேட்டு, தேவையான அளவை மட்டும் அட்டையோடு, அவர் கையெழுத்திட்ட சீட்டோடு கொண்டுபோங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கறையில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம், பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும்.

பெண்களின் பாதுகாப்பைப் பற்றி நம் ஆண்கள் கேட்பதே இல்லை. ஹிஜாப் அணிந்த பெண்ணை முஸ்லிம் நாட்டில் யார் தொந்தரவு செய்யப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஐக்கிய நாடுகள் அவையின் மகளிர் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட எகிப்தியப் பெண்களில் 99 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பலர் ஹிஜாப் அணிந்தவர்கள். அதன் பின்னர் 2014-இல் சட்டம் வந்தது, 2021-இல் தண்டனை கடுமையாயிற்று. நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மைதான். ஆயினும் கான் அல்கலீலி கடைத்தெருவின் நெரிசலில் வயது வந்த மகளைத் தனியே விட்டுவிட்டு நகை பேரம் பேசிக்கொண்டிராதீர்கள். கெய்ரோ மெட்ரோ இரயிலின் நடுவே பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. நம் பெண்கள் அவற்றில் ஏறலாம். ஏதேனும் நேர்ந்தால் குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பெண்ணைக் கடிந்துகொள்ளும் நம் வழக்கத்தை விமானம் ஏறுமுன் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் அவள் வாய்திறந்து சொல்வாள்.

இளைஞர்களுக்கான எச்சரிக்கை வேறு. கைபேசியும் நாவும் அங்கே கட்டுக்குள் இருக்க வேண்டும். இராணுவ இடங்களையும் சோதனைச் சாவடிகளையும் படமெடுக்கக் கூடாது. ட்ரோன் கொண்டுபோகவே கூடாது. 2013-க்குப் பிறகு நான்கு விரலைக் காட்டும் சைகைக்கு அந்நாட்டில் அரசியல் பொருள் உண்டு, வேடிக்கையாகக்கூடச் செய்யலாகாது. 2025 ஜூனில் காஸா எல்லையை நோக்கி அமைதிப் பேரணியாகச் செல்வதற்காகப் பல நாடுகளிலிருந்து கெய்ரோவுக்கு வந்தவர்களைத் தடுத்துவைத்து நாடு கடத்தினார்கள். அவர்கள் செய்ய வந்தது நற்காரியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. குடும்பச் சுற்றுலாவில் முழக்கம் எழுதிய சட்டையோடு போகும் நம் பிள்ளைக்கு, அந்த உள்நோக்கத்தை விளக்க அங்கே அவகாசம் கிடைக்காது என்பதே நாம் சொல்ல வருவது.

காஸாவைச் சொன்ன பிறகு, சில வாசகர்கள் மனத்தில் எழும் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. சாலை வழியே ஒரு பகல் பயணத் தொலைவில் நம் சகோதரர்கள் பசியோடும் இடிபாடுகளோடும் கிடக்கையில், இப்புறம் நின்று பிரமிடுக்கு முன் படமெடுத்துக்கொள்வது தகுமா? இது பாதுகாப்பைப் பற்றிய கேள்வியன்று, மனசாட்சியைப் பற்றியது. போகாமலிருப்பவரை நாம் மதிக்கிறோம். போகிறவரைக் குறைசொல்லவும் நமக்கு மனமில்லை. எகிப்தில் விடுதிப் பணியாளர், படகோட்டி, ஒட்டகக்காரர், ரொட்டி சுடுபவர் என்று எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பு பயணிகளின் வருகையால் எரிகிறது. 2010-இல் ஏறத்தாழ 1.47 கோடிப் பயணிகள் வந்த அந்நாட்டில் 2016-இல் வந்தவர்கள் அதில் பாதிக்கும் கீழே. அந்த ஆண்டுகளின் வறுமையை லக்ஸர் குதிரைவண்டிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 2024-இல் எண்ணிக்கை 1.57 கோடியைத் தொட்டிருக்கிறது. ஆட்சியாளர்மீது கோபம் கொண்டு இவர்களின் பிழைப்பைத் தண்டிப்பது நீதியாகத் தோன்றவில்லை. கெய்ரோவில் அடைக்கலம் புகுந்திருக்கும் காஸாக் குடும்பங்கள் பல. அவர்கள் நடத்தும் சிறு உணவகங்களும் உண்டு. அங்கே ஒரு வேளை உண்டு வரலாம்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் ஏன் பரிந்துரைக்கிறோம் என்று கேட்பீர்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக எந்த இமாமின் மத்ஹபின்படி தொழுதும் நோன்பு நோற்றும் வருகிறோமோ, அந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பது கெய்ரோவில். ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்து, மக்காவிலும் மதீனாவிலும் பக்தாதிலும் கற்று, வாழ்வின் இறுதி ஆண்டுகளில் மிஸ்ருக்கு வந்து, ஹிஜ்ரி 204-இல் அங்கேயே மறைந்தார்கள். அவர்களுடைய பழைய கருத்து, புதிய கருத்து என்று நம் மதரஸா மாணவர்கள் பிரித்துப் படிக்கிறார்களே, அந்தப் புதிய கருத்துகள் உருவானது அந்த மண்ணில்தான். புதிய ஊரின் வழக்கங்களையும் அங்குள்ள அறிஞர்களின் வாதங்களையும் கண்டு தம் முந்தைய முடிவுகளை மாற்றிக்கொள்ளத் தயங்காத ஓர் இமாமைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? அடக்கத்தலத்தின்மேல் அய்யூபி சுல்தான் அல்காமில் 1211-இல் எழுப்பிய குவிமாடம் அண்மையில் செப்பனிடப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. குவிமாடத்தின் உச்சியில் பிறை இருக்கும் என்று அண்ணாந்து பார்ப்பவருக்கு உலோகத்தாலான ஒரு சிறு படகு தெரியும். கடல் வணிகர்களாக வாழ்ந்த நம் மூதாதையர் அதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஸியாரத்தைப் பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளற விரும்பவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்து படகை மட்டும் பார்க்க விரும்புபவரும் போகலாம்.

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் ஃபுஸ்தாத்தில் எழுப்பிய, ஆப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் அந்நகரில்தான் இருக்கிறது. கட்டடம் பின்னாளில் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது. நம் உலமாக்கள் சிலர் பெயருக்குப் பின்னால் 'அஸ்ஹரி' என்று சேர்த்துக்கொள்வதன் காரணமான அல்அஸ்ஹர் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இப்னு தூலூன் பள்ளியின் விரிந்த முற்றத்தில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையே அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் அந்த மௌனம் ஊர் திரும்பிய பின்னும் உடன் வரும். பிர்அவ்னின் உடல் என்று வழிகாட்டிகள் காட்டும் இரண்டாம் ராம்ஸெஸ் அரசனின் உடல் 2021 முதல் ஃபுஸ்தாத்திலுள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூஸா (அலை) அவர்களின் காலத்துப் பிர்அவ்ன் இவன்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவில்லை. வழிகாட்டிக்கு மட்டும் ஐயமே இராது. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பலமுறை அழைப்பதன் பொருள் அந்தக் கூடத்தில் நிற்கும் எவருக்கும் விளங்கும்.

போகும் வழியும் பயணத்தின் ஒரு பகுதியே. சென்னையிலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறுகிறார்கள். 2025 ஜூனில் ஈரான் மீதான போரின்போது அந்த வான்வழிகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டன. ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளி மூடப்பட்டபோது உலகெங்கும் பயணிகள் விமான நிலையத் தரைகளில் உறங்கினார்கள். போரினால் நேரும் இழப்பைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை. காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்பதை உங்கள் உலமாக்களிடம் கேளுங்கள். எடுப்பதாயின் சிறிய எழுத்துகளையும் படித்துவிட்டு எடுங்கள். பள்ளி திறப்பதற்கு முதல் நாள் வந்து இறங்குவதுபோல் சீட்டு எடுக்காமல், இரண்டு மூன்று நாள் முன்னதாகத் திரும்புங்கள். கையில் அதற்குரிய பணத்தையும் வைத்திருங்கள். கெய்ரோவின் ஸமாலிக் பகுதியிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணையும், சுற்றுலாக் காவலரின் 126, அவசர மருத்துவ ஊர்தியின் 123 என்ற எண்களையும் தாளில் எழுதிப் பெண்கள் கைப்பையிலும் வைக்க வேண்டும். கைபேசி களவுபோனால் அதிலுள்ள எண்களும் உடன் போய்விடும்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை பேரைச் சேர்த்தால் ஒருவருக்கு இலவசம் என்பது குழுப் பயணங்களில் எல்லோரும் அறிந்த வழக்கம். அதில் தவறில்லை, உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் அந்த இலவச இருக்கையை எதிர்பார்த்திருப்பவர், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று, "எந்தப் பயமும் இல்லை, நான் பொறுப்பு" என்று சொல்கிறாரே, அது ஆலோசனையன்று, வியாபாரம். வியாபாரம் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்தால் ஹலால். மறைத்துச் செய்தால் கேட்டவரை ஏமாற்றியதாகும். "இதில் எனக்கும் ஒரு சீட்டு கிடைக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடும் அமைப்பாளரை நாம் அதிகம் நம்புவோம். அவரிடம், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டுவார், எந்தப் பாதை, முதியவர் ஒருவர் நோயுற்றால் அவரோடு மருத்துவமனையில் தங்குபவர் யார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் திணறும் குழுக்களே மிகுதி.

விதித்தது வரும் என்று வாதிடுபவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் வரலாறு தெரியாததன்று. ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டுச் சர்க் என்னும் இடம்வரை சென்ற அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, ஒரு கூட்டத்தாரையல்ல, மூன்று கூட்டத்தாரைத் தனித்தனியே அழைத்துக் கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். இறைவிதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குத்தான் போகிறோம் என்னும் பொருள்பட விடையளித்தார்கள். அந்தப் பயணத்தில் உமரின் தவக்குல் எந்த இடத்தில் குறைந்தது?

இனி, நாம் பரிந்துரைக்காதவர்கள். அண்மையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள், ஒரு வயதுக்கும் குறைந்த குழந்தையுள்ளவர்கள் இந்த ஆண்டு வேண்டாம். வட்டிக்குக் கடன் வாங்கிப் போக நினைப்பவர்களுக்கு நம் பதிலே தேவையில்லை. எகிப்து பவுண்டு நம் பணத்தில் இரண்டு ரூபாய்க்கும் கீழே என்பதால் அங்கே செலவு குறைவுதான். ஆனால் விமானக் கட்டணம் நம் நாட்டு விலையில்தான் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒருவர் மனம் ஒப்பாமல் அஞ்சிக்கொண்டிருந்தால், அவரைக் கேலி செய்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் அச்சத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டு, வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அந்த வேண்டாம் மதிக்கப்பட வேண்டும்.

தென் சினாயில் தூர் மலையைக் காண விரும்புபவர்கள் ஷர்முஷ் ஷெய்க் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து பகலில், அனுமதி பெற்ற வண்டியில் போய் வரலாம். அதற்கு முந்தைய வாரத்தின் எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதே குழுக்களில் சில, எகிப்திலிருந்து தாபா எல்லை வழியாக மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கும் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்கின்றன. அக்ஸாவில் இரண்டு ரக்அத் தொழ வேண்டும் என்ற ஏக்கம் நமக்கும் உண்டு. ஆனால் அந்த எல்லை எப்போது திறக்கும், எப்போது மூடும், யாரை எத்தனை மணி நேரம் நிறுத்திவைத்து விசாரிப்பார்கள் என்று எந்த அமைப்பாளராலும் சொல்ல இயலாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்லும் குடும்பத்துக்கு அந்தப் பகுதியை இப்போது நாம் பரிந்துரைக்கவில்லை. பயணத் திட்டத்தில் அது சேர்ந்திருந்தால், அதை நீக்கிவிட்டு எஞ்சியதற்கு என்ன விலை என்று கேளுங்கள்.